சுமை மிதிவண்டி: உறுப்புத் தேர்வும் பளு ஏற்றும் முறையும்

மும்பை மாநகரின் கிழக்கு ஓரத்தில், டிராம்பேயில், கழிமுகச் சதுப்பை ஒட்டி அமைந்துள்ள குடியிருப்பு சீத்தா கேம்ப். இங்கு வாழ்வோரில் தமிழர் கணிசமான பகுதியினர். முன்னர் இவர்கள் ஜனதா காலனி என்ற குடியிருப்பில் வாழ்ந்தனர். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தேவைக்காக அக்குடியிருப்பு அகற்றப்பட்டபோது, நெருக்கடி நிலை நடப்பிலிருந்த 1976 மே மாதத்தில், ஏறத்தாழ 70,000 மக்கள் இச்சதுப்பு ஓரத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். அதை எதிர்த்துப் போராடியவர்களின் தலைவராக விளங்கிய ஜோக்கின் அற்புதம் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். பிற்காலத்தில், 2000 ஆம் ஆண்டில், மகசேசே விருது பெற்றவர். அந்த வரலாற்றை விரித்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு குடியிருப்பு இடம் மாறும்போது வீடு மட்டும் மாறுவதில்லை. வீட்டுக்கும் பிழைப்புக்கும் இடையே உள்ள தொலைவும் மாறிவிடுகிறது என்பதை மட்டும் இங்கு மனத்திற் கொண்டால் போதும்.

அந்தத் தொலைவைக் கடக்க ஏழைக் குடும்பத்திற்கு எட்டும் விலையில் கிடைக்கும் சாதனம் மிதிவண்டி. மான்குர்டு இரயில் நிலையத்திற்கோ செம்பூர்ச் சந்தைக்கோ வேலைக்குச் செல்பவர் பேருந்தில் ஏறிச் செல்லலாம். ஆனால் இட்லிப் பாத்திரம், தேநீர்க் கலம், பாவ் ரொட்டிக் கூடை, காய்கறி மூட்டை, பழைய இரும்பு, தண்ணீர்க் கேன் ஆகியவற்றுடன் செல்பவருக்குப் பேருந்து பயன்படாது. அவருக்கு மிதிவண்டி வெறும் போக்குவரத்துச் சாதனமன்று. பொருளாதார நூல்கள் கூறும் பொருளில் அது ஒரு மூலதனப் பொருள். அது நின்றால் அன்றைய உற்பத்தி நின்றுவிடும்.

நமது கணக்கெடுப்புகள் மிதிவண்டியை இக்கண்கொண்டு பார்ப்பதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் குடும்பங்களில் 44.8 விழுக்காட்டினரிடம் மிதிவண்டி இருந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு இதை 50.4 விழுக்காடு என்று காட்டுகிறது. மிதிவண்டி உண்டா, இல்லையா என்பதோடு வினா முடிந்துவிடுகிறது. அது எவ்வளவு பளு சுமக்கிறது, எந்த உறுப்பு முதலில் உடைகிறது, உடைந்தால் எத்தனை நாள் வருமானம் போகிறது என்ற வினாக்கள் எழுப்பப்படுவதேயில்லை. கடன் விண்ணப்பத்திலும் 'மிதிவண்டி – 1' என்று எழுதி, விலையை எதிரே குறித்து, அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே செய்தவன்தான். அந்த ஒற்றை வரிக்குள் அடங்கியிருப்பது என்ன என்பதைச் சற்று விரித்துப் பார்ப்போம்.

எந்த வண்டி?

சுமை தூக்குவதற்கு நம் நாட்டில் பயன்படுவது பெரும்பாலும் பழைய கறுப்பு நிற எஃகு வண்டியே. 28 அங்குலச் சக்கரம், ஒன்றரை அங்குல டயர், கம்பி வழியே இயங்கும் பிரேக், தடித்த எஃகுக் குழாய்களைப் பித்தளை கொண்டு பற்றவைத்த சட்டம் ஆகியவை இதன் அடையாளங்கள். ஆங்கிலேயர் காலத்தில் இறக்குமதியான இவ்வடிவம், விடுதலைக்குப் பின் இங்கேயே வேரூன்றியது. பம்பாய் வொர்லியில் ஹிந்த் சைக்கிள்ஸ், ஆசன்சாலில் சென்-ராலி, சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், சோனிபட்டில் அட்லஸ், லூதியானாவில் ஹீரோ என ஆலைகள் எழுந்தன. ஹிந்த் சைக்கிள்ஸும் சென்-ராலியும் நலிவுற்று, 1980 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி நாட்டுடைமையாக்கப்பட்டதையும், அட்லஸின் சாகிபாபாத் ஆலை 2020 ஜூன் 3 அன்று, அதாவது உலக மிதிவண்டி நாளன்றே, உற்பத்தியை நிறுத்தியதையும் மாணவர்கள் தொழில் வரலாற்றில் படித்திருக்கலாம்.

ஆலைகள் மூடப்பட்டாலும் அவை செய்த வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. காரணம், உறுப்புகளின் அளவுகள் எல்லா நிறுவனங்களுக்கும் ஏறத்தாழப் பொதுவானவை. ஒரு நிறுவனத்தின் ஹப், மற்றொன்றின் ரிம், மூன்றாவதன் செயின் ஆகியவற்றை ஒரே வண்டியில் பூட்டலாம். மிதிவண்டி உறுப்புகள் பலவற்றைச் சிறுதொழிலுக்கென ஒதுக்கியிருந்த அரசுக் கொள்கையும், லூதியானாவில் செழித்த ஆயிரக்கணக்கான சிறு பட்டறைகளும் இந்நிலைக்குத் துணைசெய்தன. அதனால்தான் சீத்தா கேம்ப்பின் சந்து முனையிலுள்ள பஞ்சர்க் கடையிலேயே இவ்வண்டிக்கு வேண்டிய உறுப்பும் கிடைக்கிறது; அதைப் பூட்டத் தெரிந்த கையும் கிடைக்கிறது.

எஃகுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அது முறிவதற்கு முன் பெரும்பாலும் எச்சரிக்கை தரும். சட்டத்தின் பற்றுவாயில் வர்ணம் மயிரிழைபோல வெடித்து, அதிலிருந்து துருக்கோடு இறங்கினால், அங்கே பிளவு தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே பற்றவைத்தால் வண்டி பிழைக்கும். அலுமினியச் சட்டத்தில் இவ்வகைப் பழுதைத் தெருவோரப் பட்டறையில் சரிசெய்ய இயலாது. நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணம் செய்வோர் இன்றும் எஃகுச் சட்டத்தை விரும்புவது இக்காரணத்தால்தான். 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து புறப்பட்ட பார்சி இளைஞர் குழுவில் ஆதி ஹகீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பூம்காரா ஆகிய மூவர் எஃகு மிதிவண்டிகளிலேயே உலகைச் சுற்றி, ஏறத்தாழ 71,000 கிலோமீட்டர் கடந்து, 1928 மார்ச்சில் ஊர் திரும்பினர். பாரசீகப் பாலைவனத்தில் உடைமைகளைக் கட்டிச் சென்றவருக்கும், டிராம்பே சாலையில் சாம்பார்க் கலத்தைக் கட்டிச் செல்பவருக்கும் வண்டி கேட்கும் தேவைகள் அடிப்படையில் ஒன்றே: பளு தாங்க வேண்டும், உடைந்தால் வழியிலேயே சரிசெய்ய முடிய வேண்டும்.

அண்மைக் காலத்தில் 26 அங்குலச் சக்கரமும் சுருள்வில் ஃபோர்க்கும் பல கியர்களும் கொண்ட பளபளப்பான வண்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன. உதவித் திட்டங்களில் கொடுப்பதற்கும் இவை கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சுமைத் தொழிலுக்கு இவை பொருந்தா. சுருள்வில் மிதிப்பவரின் உழைப்பில் ஒரு பகுதியை விழுங்குகிறது. கேரியரை உறுதியாகப் பூட்ட இடமில்லை. பின் அச்சில் பல கியர்ச் சக்கரங்களுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் ஒரு பக்கத்துப் போக்ஸ் கம்பிகள் இறுக்கமாகவும் மறுபக்கத்தவை தளர்வாகவும் அமைகின்றன. ஒற்றை ஃப்ரீவீல் கொண்ட பழைய வண்டியில் இரு பக்க இறுக்கமும் ஏறத்தாழச் சமமாக இருக்கும். சுமைச் சக்கரத்துக்கு இது பெரிய நன்மை.

பின் சக்கரமே உயிர்

சுமை வண்டியில் முதலில் உடைவது பெரும்பாலும் சட்டமன்று. பின் சக்கரத்தின் போக்ஸ் கம்பி. இது ஏன் என்பதை அறிந்துகொண்டால் பணத்தை எங்கே செலவிட வேண்டும் என்பது தானே விளங்கும்.

சக்கரத்தில் எல்லாக் கம்பிகளும் இழுத்துக் கட்டிய நிலையில் உள்ளன. பளு ஏறியதும், தரையை நோக்கி நிற்கும் ஓரிரு கம்பிகளின் இழுப்பு மட்டும் குறைகிறது. சக்கரம் உருண்டதும் அவை மீண்டும் இறுகுகின்றன. ஆக, ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து ஒருமுறை இறுகுகிறது. 28 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டரில் சுமார் 450 முறை சுழலும். நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள் என்று கொண்டால், ஒரு கம்பி ஆண்டில் 27 இலட்சம் முறை இவ்வாறு தளர்ந்து இறுகுகிறது. ஓர் இரும்புக் கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பது போன்றதே இது. மடக்கு மிகச் சிறியது, தடவைகள் மிகப் பல, அவ்வளவே வேறுபாடு. ஹப்பின் துளைக்குள் கம்பி வளைந்து நுழையும் இடத்தில்தான் பெரும்பாலும் முறிவு நேர்கிறது.

இதிலிருந்து பெறப்படும் செய்தி ஒன்று உண்டு. கம்பி உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் அதன் மெலிவு மட்டுமன்று, அதன் தளர்வு. தளர்ந்த கம்பி பளு விழும்போது முற்றிலும் தொய்ந்து, பின் வெடுக்கென்று இழுபடுகிறது. நன்கு இறுக்கிக் கோட்டம் எடுத்த சக்கரத்தில் கம்பி ஒருபோதும் தொய்வதில்லை. புதிய வண்டி ஆலையிலிருந்து வரும்போது கம்பிகள் பெரும்பாலும் போதிய இறுக்கத்தில் இருப்பதில்லை. ஆகவே சுமைக்கு இறக்கும் முன்பே ஒருமுறையும், முதல் மாத ஓட்டத்துக்குப் பின் மறுமுறையும் கோட்டம் எடுத்து இறுக்கிவிடுவது நல்லது. அதற்கு ஆகும் செலவு சிறிது. அதைச் செய்யாமல் விட்டால், ஒரு கம்பி உடைந்து, அதன் பங்கை அண்டைக் கம்பிகள் ஏற்று, அவையும் அடுத்தடுத்து உடைந்து, சந்தைக்குப் போகும் வழியில் சக்கரம் எட்டுப் போல வளைந்து நிற்கும்.

கம்பியின் பருமனையும் பார்க்க வேண்டும். சாதாரணமாகப் பூட்டப்படும் 14 கேஜ் கம்பியின் விட்டம் சுமார் 2 மில்லிமீட்டர். 12 கேஜ் கம்பி 2.6 மில்லிமீட்டர். விட்டத்தில் வேறுபாடு சிறிதாகத் தோன்றினும் குறுக்குப் பரப்பில் அது ஏறத்தாழ 70 விழுக்காடு மிகுதி. ஆனால் தடித்த கம்பிக்கு ஹப்பின் துளையும் ரிம்மின் துளையும் பெரியனவாக இருக்க வேண்டும். ஆதலால் ஹப், ரிம், நிப்பிள், கம்பி ஆகிய நான்கையும் ஒருசேர வாங்குவதே முறை. பழைய எஃகு வண்டியில் முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40 கம்பி என்ற ஏற்பாடு, பளு எங்கே விழுகிறது என்பதை அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு. 36 கம்பிப் பின் சக்கரம் மலிவாகக் கிடைக்கிறதென்று மாற்றிப் பூட்டுவது வரவைக் குறைத்துச் செலவைப் பெருக்குவதாகும்.

டயரைப் பொறுத்தவரை ஒரே ஒரு செய்தி. பளு ஏற ஏறக் காற்றும் ஏற வேண்டும். காற்றுக் குறைந்த டயர் குழியில் விழும்போது ட்யூப் ரிம்முக்கும் தரைக்கும் இடையே நசுங்கி இரண்டு துளைகள் அருகருகே விழும். ஆணி எதுவும் இல்லாமல் இரட்டைத் துளை விழுந்திருந்தால், பழி சாலையின் மீதன்று. காற்றடிக்கும் பம்பின் மீது.

சுமை எங்கே விழுகிறது?

கேரியரில் எவ்வளவு ஏற்றலாம் என்றுதான் எல்லோரும் கேட்கின்றனர். எங்கே ஏற்றுகிறோம் என்பது அதனினும் முக்கியமானது. ஒரு கணக்கால் இதை விளக்கலாம்.

இரு அச்சுகளுக்கும் இடையே உள்ள தொலைவு 115 சென்டிமீட்டர் என்றும், மிதிப்பவர் 60 கிலோ, வண்டி 22 கிலோ என்றும் கொள்வோம். இந்த 82 கிலோவில் ஐந்தில் இரு பங்கு, அதாவது ஏறத்தாழ 33 கிலோ, முன் சக்கரத்தின் மீது விழும். இப்போது 60 கிலோ மூட்டையைப் பின் அச்சுக்கு நேர் மேலே வைத்தால், முன் சக்கரத்தின் 33 கிலோ அப்படியே இருக்கும். அதே மூட்டையின் நடுப்பகுதி அச்சுக்குப் பின்னால் 30 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், நெம்புகோல் விதிப்படி முன் சக்கரத்திலிருந்து சுமார் 16 கிலோ குறைந்து, 17 கிலோவே எஞ்சும். இருபதுக்கு ஒன்று என்ற சரிவுள்ள மேம்பாலத்தில் ஏறும்போது மேலும் ஆறேழு கிலோ குறையும். ஏறத்தாழ 10 கிலோ மட்டும் அழுத்தும் முன் சக்கரத்தால் வண்டியைத் திருப்ப முடியாது. ஹேண்டில்பார் கையில் ஆடும். சிறு கல் பட்டாலும் சக்கரம் எழும்பும். பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு இது தெரியாது. அதே வேளையில் பின் சக்கரத்தின் மீது 60 கிலோவுக்குப் பதில் 76 கிலோ கூடுதலாக விழுகிறது. மூட்டையின் எடை ஒரு கிராம்கூட மாறவில்லை. மாறியது அதன் இடம் மட்டுமே.

ஆதலால் பெட்டியையோ மூட்டையையோ இருக்கையோடு ஒட்டி, இயன்ற அளவு முன்னால் தள்ளிக் கட்டுவதே முதல் விதி. அகலமான பெட்டியை நீளவாட்டில் வைத்துப் பின்னே நீட்டிக்கொண்டிருக்க விடுவதைவிட, குறுக்குவாட்டில் வைப்பது மேல். ஆனால் குறுகிய சந்துகளில் அகலம் இடிக்கும் என்பதால் அதற்கும் எல்லையுண்டு.

இரண்டாவது, தாழ்வாகக் கட்டுதல். பால்காரர்கள் கேன்களைக் கேரியரின் மேல் வைக்காமல் இரு பக்கமும் கொக்கியில் தொங்கவிடுவது தலைமுறைகளாகக் கற்ற பாடம். பளு அச்சின் உயரத்துக்கு அருகில் வரும்போது வண்டி சாயும் போக்குக் குறைகிறது. நின்ற இடத்தில் பிடித்து நிறுத்துவதும் எளிது. மான்குர்டு, கோவண்டிப் பகுதிகளில் தண்ணீர்க் கேன்களை ஏற்றிச் செல்வோரைப் பார்த்தால் இந்த வேறுபாடு விளங்கும். 20 லிட்டர்க் கேன் என்பது 20 கிலோ. நான்கு கேன்களை இருபுறமும் இரண்டிரண்டாகத் தொங்கவிட்டவர் ஏறி மிதித்துப் போகிறார். அதே நான்கையும் கேரியர்மேல் அடுக்கியவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார். கேனை விளிம்புவரை நிரப்பி மூடுவதும் தேவை. பாதி நிரம்பிய கேனில் தண்ணீர் அலைமோதி, வண்டி சாயும் பக்கமே தானும் ஓடிச் சேரும்.

கேரியரின் தேர்விலும் இதே கண்ணோட்டம் வேண்டும். அதன் கால்கள் பின் அச்சிலேயே நட்டின் கீழ்ப் பூட்டப்பட வேண்டும். மட்கார்டுக் கம்பியோடு சேர்த்துச் சிறு திருகாணியில் பூட்டப்பட்ட கேரியர் புத்தகப் பைக்கு ஏற்றதே தவிர மூட்டைக்கு ஏற்றதன்று. தட்டைப் பட்டையைவிடக் குழாய்க் கால்களோ தடித்த கம்பிக் கால்களோ நல்லவை. பட்டை பக்கவாட்டில் எளிதில் நெளியும். கேரியர் நெளிந்தால் மேலேயுள்ள மூட்டை வாலாட்டும். அந்த ஆட்டம் சட்டத்துக்குப் பரவும். ஆப்பிரிக்க நாடுகளில் வழங்கப்படும் 'பஃபலோ' என்ற எஃகு மிதிவண்டியின் கேரியர் 100 கிலோ தாங்குமாறு வடிவமைக்கப்பட்டுள்ளது. அதை வழங்கும் உலக மிதிவண்டி நிவாரண அமைப்பு, 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் மிதிவண்டிகள் அளித்த பணியிலிருந்து தோன்றியது. வண்டியை அழகுபடுத்துவதை விட்டு, சுமக்கும் உறுப்புகளில் பணத்தைப் போட்டதே அவ்வடிவமைப்பின் சிறப்பு.

இட்லி வணிகரை எடுத்துக்கொள்வோம். தாராவியிலிருந்தும் செம்பூர்ப் பகுதிக் குடியிருப்புகளிலிருந்தும் காலையில் ரப்பர் ஊதுகுழலை ஒலித்தவாறு புறப்படும் இவர்களை மும்பைவாசிகள் நன்கறிவர். 250 இட்லி என்றால் ஏறத்தாழ 12 கிலோ. சாம்பார் 10 லிட்டர். சட்னி மூன்று நான்கு லிட்டர். பாத்திரங்களும் தட்டுகளும் குடிநீரும் சேர்த்தால் மொத்தம் 40 கிலோவை எட்டும். அடைக்கும் இடத்தை நோக்க எடை மிகுந்தது சாம்பார். இடம் அடைப்பது இட்லி. எனவே சாம்பாரும் தண்ணீரும் இருபக்கமும் தாழத் தொங்க வேண்டும். இட்லிப் பாத்திரம் கேரியரின் மேல் இருக்கலாம். மற்றொரு நுட்பமும் உண்டு. மூட்டை சுமப்பவரின் பளு வழி முழுதும் ஒரே அளவாக இருக்கும். விற்பவரின் பளு தெருவுக்குத் தெரு குறைந்துகொண்டே வரும். ஒரு பக்கத்துக் கலம் காலியாகி மறுபக்கம் நிறைந்திருந்தால் வண்டி இழுக்கும். ஒரு பக்கம் சாம்பாரும் மறுபக்கம் சட்னியும் எனப் பிரிப்பதைவிட, சாம்பாரையே இரு கலங்களாகப் பிரித்து, மாறி மாறி எடுப்பது நன்று.

உயரமான பெட்டி ஏற்றியபின் காலைப் பின்புறமாக வீசி ஏற முடியாது. முன்பக்கம் பாரின் மேலாகக் காலைத் தூக்கிப் போட்டுத்தான் ஏற வேண்டும். ஆகவே உயரம் குறைந்தவர்கள் 24 அங்குலச் சட்டத்தை விட்டு 22 அங்குலச் சட்டத்தை வாங்குவது பாதுகாப்பு. ஸ்டாண்டு இரு கால்களும் அகன்றதாக, வில்கொண்டு இறுகுவதாக இருக்க வேண்டும். சதுப்பு மண்ணில் அதன் ஒரு கால் புதைந்தால் முழுச் சுமையும் கவிழும். கால்களின் கீழ் வைக்க ஒரு பலகைத் துண்டைக் கேரியரில் செருகி வைத்திருப்பவரே அனுபவசாலி.

மிதிக்கவே முடியாத அளவு பளுவை ஏற்றித் தள்ளிக்கொண்டு செல்வதும் ஒரு முறைதான். இதை இழிவாகக் கருத வேண்டியதில்லை. 1954 இல் தியன் பியன் பூ போரின்போது வியட்நாமியர் மிதிவண்டிகளின் ஹேண்டில்பாரில் மூங்கிலைக் கட்டி நீட்டி, இருக்கைக் குழாயில் மற்றொரு கழியைச் செருகி, ஒரு வண்டியில் 200 கிலோவும் அதற்கு மேலும் ஏற்றித் தள்ளிச் சென்றனர். தோளில் சுமப்பதைப்போல் பன்மடங்கு அது.

கியரும் பிரேக்கும்

மிதிக்கும் பளுவைக் குறைக்கப் பல கியர் வண்டி தேவையில்லை. பின்னாலுள்ள ஃப்ரீவீலை மாற்றினாலே போதும். முன் சக்கரப் பல் 44, பின் பல் 18 என்றால் ஒருமுறை மிதித்தால் வண்டி ஏறத்தாழ 5.45 மீட்டர் நகரும். பின் பல்லை 22 ஆக்கினால் 4.46 மீட்டர் நகரும். காலின் அழுத்தம் 18 விழுக்காடு குறையும். வேகமும் அதே அளவு குறையும் என்பது உண்மையே. நிமிடத்துக்கு 60 மிதிக்கு மணிக்கு 19 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போன வண்டி 16 கிலோமீட்டர் போகும். சந்துகளில் ஊதுகுழல் ஒலித்து விற்றுச் செல்பவருக்கு இது ஓர் இழப்பன்று. முழங்காலுக்கோ பெரும் வரவு. செயினில் இரண்டு கண்ணிகள் கூடுதலாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.

பிரேக்கே இவ்வண்டியின் குறை. கம்பிப் பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தில் அழுந்துகின்றன. சக்கரம் சற்றே கோணியிருந்தாலும் இவை வேலை செய்யும் என்பது ஒரு நன்மை. ஆனால் முலாம் பூசிய எஃகு ரிம் மழையில் நனைந்தால் கட்டையின் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம் என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். 142 கிலோ மொத்தப் பளுவோடு மேம்பாலத்திலிருந்து இறங்கும் வண்டியை நனைந்த ரிம்மில் நிறுத்துவது கடினம். சரிவு தொடங்கும் முன்பே பிரேக்கை இலேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொள்வதும், பெரும் பளுவாயின் இறங்கித் தள்ளுவதும் தவிர வேறு வழியில்லை. புதிதாக வாங்குவோர் ஹப்பினுள்ளேயே இயங்கும் பிரேக் கிடைக்குமாயின் அதையே தேர்ந்தெடுப்பது சாலச் சிறந்தது.

கடன் வழங்குவோர் கவனத்திற்கு

தெரு வணிகர் சட்டம் 2014 இல் நிறைவேறியது. 2020 ஜூனில் தொடங்கிய பி.எம். ஸ்வநிதி திட்டத்தில் முதல் தவணைக் கடன் 10,000 ரூபாயாக இருந்து, 2025 ஆம் ஆண்டு மாற்றத்தில் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. மிதிவண்டிக்கும் அதன் உறுப்புகளுக்குமான சரக்கு சேவை வரியும் 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்துள்ளது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் கடன் தொகையைக் கொண்டு வணிகர் எத்தகைய வண்டியை வாங்குகிறார் என்பதில் நம் கவனம் செல்வதில்லை.

ஓர் எடுத்துக்காட்டாக, வணிகர் ஒருவரின் நாள் நிகர வருவாய் 500 ரூபாய் எனவும், தடித்த கம்பி, உறுதியான ரிம், நல்ல கேரியர் ஆகியவற்றுக்குக் கூடுதலாக 1,500 ரூபாய் ஆகும் எனவும் கொள்வோம். மலிவான பின் சக்கரத்தால் அவருக்கு ஆண்டில் ஆறு நாள் தொழில் கெட்டால் இழப்பு 3,000 ரூபாய். கெட்டுப்போன இட்லியின் விலை இதில் சேரவில்லை. முதலாண்டிலேயே கூடுதல் செலவு இருமடங்காகத் திரும்பிவிடுகிறது. எண்கள் ஊருக்கு ஊர் மாறும். கணக்கின் போக்கு மாறாது. ஆனால் வாங்கும் நாளன்று கையில் அந்த 1,500 ரூபாய் இல்லாமைதான் ஏழையின் இடர்ப்பாடு. கடன் மதிப்பீட்டில் வண்டியின் விலையோடு பின் சக்கரம், கேரியர், ஸ்டாண்டு ஆகியவற்றைத் தனி வரியாகக் காட்ட இடமளித்தால், இந்த இடைவெளி அடைபடும். தேய்மானத்தையும் வண்டி முழுமைக்கும் ஒரே வீதத்தில் கணக்கிடுவது பொருந்தாது. சட்டம் இருபது ஆண்டுகள் உழைக்கும். செயினும் ஃப்ரீவீலும் அப்படியல்ல.

மின்மோட்டார் பூட்டும் முயற்சிகள் இன்று பரவி வருகின்றன. அவற்றை ஊக்குவிக்கும் அலுவலர்கள் ஒன்றை மறக்கலாகாது. பின் சக்கரத்தில் மோட்டாரைப் பூட்டினால், ஏற்கெனவே பளு தாங்கும் அதே கம்பிகள்தாம் அதன் இழுவிசையையும் தாங்க வேண்டும். சக்கரத்தை வலுப்படுத்தாமல் மோட்டாரை மட்டும் கொடுப்பது, கடனையும் முறிவையும் சேர்த்தே கொடுப்பதாகும்.

மழைக்கு முன்

கடற்காற்று படும் இடங்களில் எஃகின் பகை துரு. சீத்தா கேம்ப்பில் கழிமுகத்தின் உப்பு ஈரம் ஆண்டு முழுதும் உண்டு. முலாம் பூசிய கம்பி மின்னும். ஆனால் முலாம் உரிந்த இடத்தில் துரு ஆழமாக இறங்கும். துத்தநாகம் பூசிய கம்பி மங்கலாகத் தோன்றினும் நெடுநாள் உழைக்கும். மே மாதத்திலேயே வண்டியைப் பிரித்து, ஹப்பிலும் கிராங்க் அச்சிலும் பழைய கிரீஸைத் துடைத்து, தேய்ந்த குண்டுகளை முழுதாக மாற்றி, புதிய கிரீஸ் இட்டுப் பூட்ட வேண்டும். புதிய குண்டுகளோடு பழையவற்றைக் கலக்கலாகாது. அளவில் சிறிது பெரிதான புதிய குண்டே பளு முழுவதையும் ஏற்று, கோனைக் குழித்துவிடும். இருக்கைக் குழாயைக் கழற்றி, அதன் அடியில் நின்ற நீரை வடித்து, உட்புறம் ஓர் உழக்கு எண்ணெய் ஊற்றி வண்டியைச் சாய்த்துச் சாய்த்துப் பரப்புவது பழைய பட்டறைக்காரர்களின் வழக்கம். காட்டர் பின்னை அப்போதே கழற்றிப் பார்த்துவிட வேண்டும். துருவேறி இறுகிய பின், ஜூலை மாத மழையில், சாம்பார் ஏற்றிய வண்டியோடு சாலையோரத்தில் நின்று அதைச் சுத்தியலால் அடித்துக் கழற்ற முற்படுவது எவராலும் எளிதில் ஆகக்கூடிய காரியமன்று.